எந்தூரார்

பார்சல் அலுவலகத்தில் அவருக்கு எந்தூரார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே ஒரு கணம் கழித்துத்தான் திரும்புவார்.

மூன்றாம் எண் கவுண்டர் அவருடையது. இருபத்தெட்டு வருடமாக அங்கேதான். யார் பெட்டியோடு வந்து நின்றாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் கேட்க மாட்டார். விலாசத்தைப் படிப்பார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், "எந்த ஊர்?" என்பார்.

"அதான் எழுதியிருக்கே சார்."

"எழுதியிருக்கு. இந்தப் பேர்ல நாலு ஊர் இருக்கு. அதுல எந்த ஊர்?"

வந்தவர் முழிப்பார். சிலருக்குக் கோபம் வரும். பக்கத்தில் எடை போடுகிறவரை எல்லோரும் தராசு என்பார்கள். அவர்தான் சமாதானம் சொல்வார். "கொஞ்சம் பொறுத்துக்குங்க. எமனே வந்து நின்னாலும் எந்த ஊர் எமன்னு கேட்டு, தபால் எண்ணை எழுதி வாங்கிக்கிட்டுத்தான் அண்ணன் கூடப் போவாரு."

வழக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு செயற்கைக் கால் அவர் கையால் வழி தவறியது. விலாசத்தின் கடைசி வரியைப் படிக்காமல் முத்திரை குத்திவிட்டார். வடக்கே போக வேண்டிய கால், கடல் தாண்டி அதே பெயருள்ள இன்னோர் ஊருக்குப் போய், கேட்பாரற்றுக் கிடந்து, ஒன்பது வாரம் கழித்துத் திரும்பி வந்தது. கால்காரர் ஊன்றுகோலோடு நேரிலேயே வந்தார். இவர் எழுந்து நின்று வசவுக்குத் தயாரானார். கால்காரர் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நான் எங்க ஊர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டினதில்ல சார். என் கால் மட்டும் வெளிநாடு பாத்துட்டு வந்திருக்கு. அதுக்குக் குடுத்து வெச்சிருக்கு" என்று சிரித்தார். திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்துபோயிருக்கும்.

அன்று மாலை ஒரு நீளமான நோட்டு வாங்கினார். ஒரே பெயர் கொண்ட ஊர்களை அதில் எழுதத் தொடங்கினார். எழுத எழுத வளர்ந்தது. ஒரே ஒரு ராணி; அவள் பெயரில் ஊர், ஏரி, அருவி, ரயில் நிலையம், பள்ளிக்கூடம். ஒரு புனிதரின் பெயரில் மட்டும் நாற்பத்தோரு ஆஸ்பத்திரி. "பாவம், இந்த மனுஷன் ஒத்தை ஆளா எத்தனை பேரைத்தான் பாப்பாரு" என்று தராசு இரக்கப்பட்டார். கப்பலேறிப் போனவர்கள், போய் இறங்கிய இடத்துக்கெல்லாம் விட்டுவிட்டு வந்த ஊரின் பெயரையே வைத்திருந்தார்கள். முன்னால் 'புது' என்று ஒரு சொல்லைச் சேர்த்தவர்கள் கொஞ்சம். சேர்க்க மனம் வராமல் அப்படியே வைத்தவர்கள்தான் அதிகம். அந்தப் பக்கங்களை எழுதும்போது மட்டும் அவர் கை சற்று நின்று நின்று போகும்.

அவர் எங்கும் போனதில்லை. வீடு, பேருந்து, கவுண்டர், பேருந்து, வீடு.

மகள் போனாள். பல் கட்டும் கூடம் ஒன்றில் வேலை கிடைத்து, ஐந்து வருடத்துக்கு முன் போனாள். வாயில்லாத பற்களுக்கு மெருகு போடும் வேலை என்று அவளே சொல்லிச் சிரித்தாள். போகாதே என்று சொல்ல அவருக்கு வாய் வரை வந்தது. அதற்குப் பதிலாக அவள் பெட்டியைக் கட்டினார். நான்கு மூலைக்கும் அட்டை கொடுத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு ஓட்டி, மூன்று முடிச்சுப் போட்டு, மூடியில் விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, தபால் எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தார். அங்கே போய் அந்தக் கயிற்றை அறுக்க அவள் பக்கத்து வீட்டில் கத்தி கடன் வாங்க வேண்டியிருந்ததாம்.

புறப்படும்போது அவள் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஏதாவது சொல்லுங்கப்பா."

"கைப்பையை முன்னாடி மாட்டிக்க பாப்பா."

அவ்வளவுதான் சொன்னார். அதைப் பிறகு ஆயிரம் தடவை திருத்தி எழுதியிருப்பார், மனசுக்குள். அச்சான எழுத்து, திருத்தி என்ன பயன்?

ஒரு தளபதியின் பெயர் வைத்த ஊர் அது. அந்தத் தளபதி குதிரையை நிறுத்திய இடத்திலெல்லாம் தன் பெயரை விட்டுவிட்டுப் போயிருப்பார் போல, அந்த ஒரு நாட்டிலேயே அதே பெயரில் ஐந்து ஊர். இது எந்தூராருக்குத் தெரியும். நோட்டில் பதினேழாம் பக்கம். மகளுக்குப் பார்சல் கட்டும்போது அவர் கை தானாகவே சரியான மாகாணத்தையும் சரியான எண்ணையும் எழுதிவிடும். ஐந்து வருடத்தில் ஒன்றுகூடப் பிசகியதில்லை.

ஆனால் அவள் போன முதல் வாரம், தன் போனில் அந்த ஊரின் வானிலையைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியபோது, மூக்குக்கண்ணாடி அலுவலக மேசையில் இருந்தது. பெயரை அடித்தார். ஏதோ ஒரு வரிசை இறங்கியது. முதலாவதை விரலால் தொட்டார். ஊருக்கு உபதேசம் செய்கிறவர் தன் வீட்டு விஷயத்தில் கேட்க மறந்த கேள்வி அது ஒன்றுதான்.

தொட்டது மலையூர். பனி விழும் ஊர். மகள் இருந்தது கடற்கரை ஊரில்.

தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே அதைத் திறப்பார். படுக்கையோரம் இருந்த வேறொரு சின்ன நோட்டில் தேதி போட்டு அன்றைய அளவை எழுதுவார். மைனஸ் மூன்று. மைனஸ் எட்டு. காற்று. பனி, ஓர் அடி. போனில் அந்த ஊரின் படங்களும் வரும். ஆற்றின் குறுக்கே ஓர் இரும்புப் பாலம், சரிவான தெரு, மஞ்சள் விளக்கு. மகளை அந்தப் பாலத்தில் நடக்கவிட்டார். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பை முன்பக்கம் தொங்க, வழுக்காமல் அடிமேல் அடி வைத்து அவள் வேலைக்குப் போவாள். எங்கே திரும்புவாள், எந்தக் கடை வாசலில் நின்று கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள் என்பதுவரை அவருக்குத் தெரியும். வருடத்துக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி அனுப்பினார். ஒருமுறை கம்பளித் தொப்பி. காது மூடுகிற மாதிரி.

ஞாயிறு காலையில் அவள் கூப்பிடுவாள். அவளுக்கு அது முந்தின நாள் மாலை. படம் பார்த்துப் பேசினால் உதடு ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமுமாகப் போகும் என்பதால் குரல் மட்டும். மனைவி முக்கால் மணி நேரம் பேசுவாள். குழம்பு கொதித்து அடங்குகிறவரை பேசுவாள். அதன்பின் போன் இவர் கைக்கு வரும்.

"அங்க பனியாமே?"

"ஆமாப்பா."

"ஸ்வெட்டர் போட்டுக்கறியா?"

"போட்டுக்கறேன்பா."

"சரி, வெச்சுடவா?"

இவ்வளவுதான், ஐந்து வருடமாக. காகித வேலை முடியாமல் அந்த நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள் என்றார்கள். அதனால் அவள் ஒருமுறையும் வரவில்லை. அவருக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த கயிறு அந்த வானிலை மட்டுமே. பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை கவுண்டருக்கு ஓர் அம்மாள் வந்தார். துணிப்பெட்டி. விலாசத்தைப் படித்ததும் எந்தூராரின் முகம் மலர்ந்தது. தளபதியின் ஊர். அதே மாகாணம். தபால் எண்ணில் கடைசி ஓர் இலக்கம்தான் வேறு.

"எந்த ஊர்னு இன்னிக்குக் கேக்க மாட்டேன்மா. எம் பொண்ணும் அங்கதான் இருக்கா" என்றார். தராசு எடைக்கல்லைக் கையில் வைத்தபடி திரும்பிப் பார்த்தார். அண்ணன் கவுண்டரில் சொந்தக்கதை பேசி அவர் கேட்டதில்லை.

"அப்படியா? எம் பையன் வீட்ல ஆறு மாசம் இருந்துட்டுப் போன வாரம்தான் வந்தேன்."

"அப்ப இந்தப் பனியில ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்க. நேத்துகூட ரெண்டடி."

"எந்தப் பனி?"

"அங்க விழுமே."

அம்மாள் சிரித்துவிட்டார். "அங்கயா? நல்லாச் சொன்னீங்க! அது கடற்கரை ஊருங்க. இந்த மாசத்துலயே ஃபேன் போடாம உக்கார முடியாது. பனியெல்லாம் அங்க ஃப்ரிட்ஜுக்குள்ளதான்."

எந்தூரார் டேப்பைக் கிழித்து ஒட்டினார். முத்திரை குத்தினார். ரசீதைக் கொடுத்தார். கை வேலையில் பிழை இல்லை. அம்மாள் போனதும் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு போனைத் திறந்தார். ஊரின் பெயருக்குக் கீழே, சாம்பல் நிறத்தில், எறும்பு மாதிரி எழுத்தில் மாகாணத்தின் பெயர் இருந்தது. ஐந்து வருடமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது.

"என்னண்ணே?" என்றார் தராசு.

"ஒண்ணுமில்ல. அடுத்த ஆளைக் கூப்பிடு."

அடுத்து வந்தவரிடம் எந்த ஊர் என்று கேட்கவில்லை. தராசுதான் பார்த்துக் கேட்டார்.

வீட்டுக்குப் போனதும் மகள் அனுப்பிய படத்தைத் தேடி எடுத்தார். மூன்றாவது ஸ்வெட்டரும் காது மூடிய தொப்பியுமாக அவள் சிரிக்கிற படம். அதை அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினார். மேலுதட்டில் வரிசையாக வியர்வை. பின்னால் சுவரில் வட்டமாக, மங்கலாக ஒன்று. கடிகாரம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். ஃபேன். முழு வேகத்தில் சுற்றியதால் அப்படித் தெரிந்திருக்கிறது.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா இருக்கற ஊர்ல பனி விழாதாமே."

அவள் கை ஒரு துண்டோடு நின்றது. "யார் சொன்னா?"

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"முதல் வருஷத்துலேர்ந்தே. முக்கால் மணி நேரம் பேசறேனே, சும்மாவா?"

"ஏன் சொல்லல?"

"சொல்லிடட்டுமான்னு அவகிட்ட கேட்டேன். வேணாம்மான்னா."

"ஏன் வேணாம்னா?"

அவள் துண்டை இரண்டாக மடித்து, நான்காக மடித்து, அடுக்கின் மேல் வைத்தாள். "அதை அவகிட்டயே கேளுங்க. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எத்தனை காலம்தான் நான் தபால்காரியா இருக்கறது? எனக்கும் வயசாகுது."

அந்த வாரம் அவருக்கு ஒன்றும் ஓடவே இல்லை. ஏமாந்ததுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. யானைக்கும் அடி சறுக்கும். அவரை அரித்தது வேறு. அவள் சொன்ன அத்தனை 'ஆமாப்பா'வும் என்ன? கிழவர் உளறுகிறார், ஆமாம் போட்டால் சீக்கிரம் வைத்துவிடுவார் என்றா? காதை எங்கேயோ வைத்துக்கொண்டு வாயால் மட்டும் சொன்னதா? வாரத்துக்கு அரை நிமிடம் பேசுகிறார். அந்த அரை நிமிடத்தையாவது அவள் கேட்டாளா? அது தெரியாவிட்டால் ஐந்து வருடமும் முத்திரை குத்தாத பார்சல்தான்.

இன்னொன்றும் இருந்தது, வெளியே சொன்னால் சிரிப்பார்கள். பாலத்தில் நடந்தவளைக் காணவில்லை. அடிமேல் அடி வைத்துப் போனவள், கடை வாசலில் கையைத் தேய்த்தவள். கடற்கரை ஊரில் ஃபேனுக்கடியில் ஒருத்தி இருந்தாள், அவளைப்பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. அவள் எந்தப் பக்கம் திரும்பி வேலைக்குப் போகிறாள் என்பதுகூட.

வியாழக்கிழமை காலை, பழக்கதோஷத்தில் மலையூரைத் திறந்தார். இரவு கடும் பனி என்று போட்டிருந்தது. அவள் தொப்பியை எடுத்துக்கொண்டாளா என்று நினைத்தார். பிறகுதான் நினைவு வந்தது.

சனிக்கிழமை சின்ன நோட்டை ஒழித்துவிடலாம் என்று எடுத்தார். கிழிக்க மனம் வராமல் புரட்டினார். போன குளிர்காலத்தில் ஓர் இடத்தில் கணக்கு விட்டுப்போயிருந்தது. நான்கு நாள் வெறுமை. போனின் கண்ணாடி உடைந்து பழுது பார்க்கக் கொடுத்திருந்த நாட்கள் அவை. அந்த வெறுமையின் முடிவில் ஒரு ஞாயிறு மட்டும் எழுதப்பட்டிருந்தது. மைனஸ் பதினொன்று. பக்கத்தில் ஒரு குறிப்பு: பாப்பா சொன்னது. நாளை பதினான்கு ஆகுமாம்.

ஆமாம். அன்று மனைவியின் போனில் பேசினார். கையில் கணக்கு இல்லாததால், "இந்த வாரம் எப்படி?" என்று மட்டும் கேட்டார். அவள்தான் சொன்னாள். "மைனஸ் பதினொண்ணுப்பா. நாளைக்குப் பதினாலாம்."

அடுத்த வரியைப் பார்த்தார். திங்கட்கிழமை. போன் திரும்பி வந்த நாள். போனைப் பார்த்து அவரே எழுதியது. மைனஸ் பதினான்கு.

எந்தூரார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

ஃபேன் சுற்றுகிற அறையில் இருக்கிறவளுக்கு இந்த எண் எப்படித் தெரியும்? ஒரே வழிதான். அவளும் திறந்திருக்கிறாள். அவர் கேட்பார் என்று தெரிந்து, அவர் எந்த ஊரைப் பார்க்கிறார் என்று கண்டுபிடித்து, ஐந்து ஊரில் அந்த ஒன்றைத் தேடி எடுத்து, கூப்பிடுவதற்கு முன்னால் பார்த்து வைத்திருக்கிறாள். நாளைக்கு என்ன ஆகும் என்பதுவரை.

படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்தே இருந்தார். மனைவி வந்து சாப்பிடக் கூப்பிட்டாள். "அந்தப் பனி ஊர்ல எனக்கும் பாப்பாவுக்கும் யாரையும் தெரியாது" என்றார். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை. மனைவி அன்று பத்தே நிமிடத்தில், "இந்தா, அப்பாகிட்ட குடுக்கறேன்" என்று போனைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தாள்.

"அப்பா."

"ம்."

அவர் கேட்க வேண்டிய இடம். கேட்கவில்லை. அவள் சற்றுப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தானே சொன்னாள்.

"இங்க மைனஸ் ஏழுப்பா. பனி விட்டுடுச்சு."

அவர் தன் போனை முழங்கால்மேல் திறந்து வைத்திருந்தார். மைனஸ் ஏழு.

"சரியாச் சொன்ன."

"என்னப்பா?"

"பதினாலும் சரியாத்தான் சொன்ன. போன வருஷம்." முழங்கால்மேல் இருந்த போனைக் கவிழ்த்து வைத்தார். "அது இருக்கட்டும் பாப்பா. உன் ஊர்ல எப்படி?"

 தொடர்பு போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. சமையலறையில் குழாய் நின்றது.

"எந்த ஊர்ப்பா?" என்றாள். சிரிப்பா, என்னவென்று சொல்ல முடியாத குரல்.

"நீ இருக்கியே, அந்த ஊர்."

மூக்கை உறிஞ்சும் சத்தம். "இருபத்தொம்பது. மழை வர்ற மாதிரி காலைலேர்ந்து போக்குக் காட்டுது. வரல."

"ஃபேன் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்பா. லொடலொடன்னு ஆடுது. கேக்குதா?"

போனை அவள் ஃபேன் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். அவர் கேட்டார். எங்கோ ஓர் இரும்பு ஆடியது. அதற்கும் அப்பால் ஒரு வண்டி போனது. யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பெயர் புரியவில்லை.

"நட்டு கழண்டிருக்கு," என்றார். "இறுக்கச் சொல்லு." பிறகு, வைத்துவிடவா என்று கேட்கிற இடத்தில், "வேலைக்கு எப்படிப் போவ? வாசல்ல இறங்கி எந்தப் பக்கம் திரும்புவ?" என்றார்.

"இடது பக்கம்பா."

"அப்புறம்?"

அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு சலவைக்கடை. ஒரு நாய்; கடிக்காது, ஆனால் நம்பவும் முடியாது. நடைபாதையில் பெயர்ந்த கல். பேருந்து நிறுத்தம். அவர் கூடவே நடந்தார். நிறுத்தத்தில் நிழல் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். அதற்குள் மனைவி கதவோரம் வந்து நின்று, போனில் இன்னும் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று சைகையால் கேட்டாள். அவர் கையை ஆட்டி அவளைப் போகச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை சின்ன நோட்டில் நடுவே ஒரு கோடு இழுத்தார். வலப்பக்கம் கடற்கரை ஊர், இருபத்தெட்டு, மழை. அலுவலகத்துக்குப் போகிற வழியில் ஒரு குடையையும், தொப்பிக்கடையில் வெயிலுக்கு ஆகிற ஒன்றையும் பார்த்து வைத்தார்.

மலையூரைப் போனிலிருந்து எடுக்கவில்லை. ஐந்து வருடமாக அந்தப் பாலத்தில் நடப்பவளை நட்டநடுவில் விட்டுவிட்டு வர முடியாது. இடப்பக்கம் எழுதினார்: மைனஸ் ஒன்பது. மறுபடியும் பனி.